நொதியின் விலையும் சீமைக் கருவேலமும்

இன்றைய பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் அடிப்படையில் ஒரு விலைக் கணக்கு. மரத்திலும் வைக்கோலிலும் உள்ள செல்லுலோஸை நுண்ணுயிரிகளின் நொதிகளால் சர்க்கரையாக உடைக்கலாம், அந்தச் சர்க்கரையைப் புளிக்கவைத்து எத்தனால் எடுக்கலாம் என்பது அரை நூற்றாண்டாகத் தெரிந்த சங்கதி. அது கட்டுப்படியாகுமா என்பதில்தான், முக்கியமாக நொதியின் விலையில்தான், தகராறு. இந்தக் கணக்கை ராமநாதபுரம் சீமையில் வைத்துப் போட்டுப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. கண்மாய் உள்வாயிலும் ஊருணிக் கரையிலும் உழாமல் விட்ட புஞ்சையிலும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும் மாவட்டம் இது. மற்ற ஊர்களில் எரிபொருள் ஆலைக்கு மூலப்பொருள் தேட வேண்டியிருக்கிறது. இங்கே மூலப்பொருளை ஒழிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நாட்டு நிலவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோலில் 10 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கை இந்தியா 2022 ஜூனில் எட்டியது. 2025இல் அது 20 விழுக்காடாகிவிட்டது. இந்த எத்தனாலில் மிகப் பெரும்பகுதி கரும்பிலிருந்தும் அரிசியிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வருகிறது. அதாவது, சாப்பாட்டுத் தட்டுக்கும் தீவனத் தொட்டிக்கும் போக வேண்டியது வண்டிக்குப் போகிறது. இதைத் தவிர்க்கத்தான் பயிர்க்கழிவிலிருந்து எத்தனால் என்னும் திட்டம். 2019இல் மத்திய அரசு இத்தகைய ஆலைகளுக்கு உதவும் பிரதமர் ஜீவன் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2022 ஆகஸ்ட் 10ஆம் தேதி ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆலை தொடங்கிவைக்கப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் நெல் வைக்கோல், அதிலிருந்து சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால், அதாவது டன்னுக்கு 150 லிட்டர் என்பது திட்டம். செலவு 900 கோடி ரூபாய்க்கு மேல். இத்தனை பெரிய முதலீட்டை ராமநாதபுரத்துக்கு யாரும் கொண்டுவரப்போவதில்லை. கொண்டுவரவும் வேண்டாம் என்பதே என் வாதம். வேறு அளவில், வேறு விதமாகச் செய்தால் நொதியின் விலை இறங்கும். ஏன் இறங்கும் என்பதைத்தான் விளக்க வேண்டும்.

இந்தத் துறையின் தாய்ப் பூஞ்சைக்கு ஒரு போர்க்கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் பெருங்கடலின் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரத் துணிகள் மக்கி உதிர்ந்தன. துணியைத் தின்ற பூஞ்சைகளை ஆராய்ந்தவர்களில் எல்வின் ரீஸும் மேரி மாண்டெல்ஸும் முக்கியமானவர்கள். கெடுதலைத் தடுக்கத் தொடங்கிய ஆராய்ச்சி, கெடுதல் செய்யும் பூஞ்சையையே வேலைக்கு வைத்துக்கொள்ளலாமே என்று திரும்பியது. முதலில் அந்தத் தாய்ப் பூஞ்சையை டிரைக்கோடெர்மா விரிடி என்றுதான் அழைத்தார்கள். 1977இல் ரீஸின் பெயரால் டிரைக்கோடெர்மா ரீசி ஆயிற்று. விரிடி என்ற பெயர் நம் விவசாயிகளுக்குப் பழக்கமானது. வேரழுகலுக்கு விதைநேர்த்தி செய்ய வேளாண்மைத் துறையில் வாங்கும் பொட்டலத்தில் இருப்பது இதன் நெருங்கிய உறவு. ரீசி சுரக்கும் புரதத்தில் பாதிக்கு மேல் ஒரே ஒரு நொதி. செல்லுலோஸ் இழையின் முனையைப் பிடித்துக்கொண்டு, முறுக்கிய கயிற்றைப் புரி புரியாகப் பிரிப்பதுபோலப் பிரித்துக்கொண்டே போகும். இன்னொரு நொதி இழையை நடுவில் வெட்டிப் புதிய முனைகளை உண்டாக்கித் தரும். மூன்றாவது நொதி கடைசியில் மிஞ்சும் இரட்டைச் சர்க்கரையை ஒற்றைக் குளுக்கோஸாகப் பிளக்கும். இந்த மூன்றாவது நொதியை ரீசி கஞ்சத்தனமாகத்தான் சுரக்கிறது. பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற வேறொரு பூஞ்சையிடமிருந்து வாங்கிச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

சீமைக் கருவேலத்தின் மேல் இந்த முறை பலிக்குமா என்ற கேள்விக்கு இந்திய ஆய்வகமே பதில் சொல்லிவிட்டது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் குஹாத் தலைமையிலான குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் கருவேல மரத்தூளை முதலில் நீர்த்த கந்தக அமிலத்தில் வேகவைத்தார்கள். பிறகு சோடியம் சல்பைட், சோடியம் குளோரைட் இரண்டையும் கொண்டு, மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னினில் 93 விழுக்காட்டை நீக்கினார்கள். மிஞ்சிய செல்லுலோஸை 50 டிகிரி வெப்பத்தில் நொதிகளிடம் விட்டபோது 28 மணி நேரத்தில் 82.8 விழுக்காடு சர்க்கரையாகிவிட்டது. அதை ஈஸ்ட்டிடம் கொடுத்தால் லிட்டருக்கு 18.52 கிராம் எத்தனால். வேதியியலாக இது வெற்றி. வியாபாரமாகப் பார்த்தால் இரண்டு இடங்களில் இடிக்கிறது. லிட்டருக்கு 18 கிராம் என்பது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. குறைந்தது 4 விழுக்காடாவது இல்லாத கரைசலை வடிப்பது தண்ணீரைக் காய்ச்ச விறகு எரிப்பதற்குச் சமம். ஆகவே கரைசல் கெட்டியாக இருக்க வேண்டும். கெட்டியானால் கலக்குவது கடினம். சர்க்கரை கூடக்கூட நொதியும் சோர்ந்துபோகும். இரண்டாவது, லிக்னினை நீக்கப் பயன்பட்ட குளோரைட் ஆய்வகத்துக்குச் சரி; டன் கணக்கில் வாங்கிக் கட்டுப்படியாகாது. காரத்திலோ நீராவி வெடிப்பிலோ செய்ய வேண்டும். அப்போது லிக்னின் இவ்வளவு சுத்தமாகப் போகாது, நொதி இன்னும் கூடுதலாகத் தேவைப்படும்.

எவ்வளவு நொதி? காய்ந்த மரம் ஒரு டன் என்று வைத்துக்கொள்வோம். அதில் செல்லுலோஸ் 400 கிலோ. 80 விழுக்காடு சர்க்கரையாகி, அதில் பாதி எடை எத்தனாலாக வந்தால் சுமார் 220 லிட்டர் கிடைக்கும். தொழிற்சாலைத் திட்டங்களில் வழக்கமாக வைக்கும் கணக்குப்படி ஒரு கிராம் செல்லுலோஸுக்கு 20 மில்லிகிராம் நொதிப் புரதம் வேண்டும். ஆக ஒரு டன் மரத்துக்கு 8 கிலோ புரதம், ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 36 கிராம். மக்காச்சோள மாவை உடைக்கும் நொதி இதில் சொற்பம்தான் ஆகும். மாவுச்சத்து உடையவே காத்திருக்கும் பொருள், மரம் உடையாமல் நிற்கவே உருவானது. கிளைன்-மார்குஷாமரும் சக ஆய்வாளர்களும் 2012இல் போட்ட கணக்கில் ஒரு கிலோ நொதிப் புரதத்தை உற்பத்தி செய்யச் சுமார் 10 டாலர் ஆகிறது. அப்படியானால் நம் லிட்டருக்கு 36 சென்ட், 2024–25 மாற்று மதிப்பில் ஏறத்தாழ 30 ரூபாய். எண்ணெய் நிறுவனங்கள் 2024–25இல் எத்தனாலுக்குக் கொடுத்த விலை, சி-ஹெவி மொலாசஸ் என்னும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வந்ததற்கு லிட்டருக்கு 57.97 ரூபாய், மக்காச்சோளத்திலிருந்து வந்ததற்கு 71.86 ரூபாய். விற்பனை விலையில் பாதியை நொதியே தின்றுவிட்டால் மரத்துக்கும் கூலிக்கும் நீராவிக்கும் என்ன மிஞ்சும்?

நொதி விலை எப்போதோ விழுந்துவிட்டதே என்று இந்தத் துறையினர் மறுப்பார்கள். 2000க்குப் பின் அமெரிக்க எரிசக்தித் துறையின் பணத்தில் நொதி நிறுவனங்களான ஜெனன்கோரும் நோவோசைம்ஸும் விலையை இருபது, முப்பது மடங்கு குறைத்ததாக அறிவித்தது உண்மைதான். அந்த அறிவிப்புகளுக்குப் பின்னால் வந்ததுதான் நான் சொன்ன 2012ஆம் ஆண்டுக் கணக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். இன்னொரு பக்கம், அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் 2011இல் வெளியிட்ட ஆலை வடிவமைப்பில் நொதியின் பங்கு ஒரு கேலனுக்கு 34 சென்ட்தான். அதாவது லிட்டருக்கு எட்டு ரூபாய்க்குள். ஏறத்தாழ ஒரே பூஞ்சை, ஒரே வேலை, விலையில் மட்டும் நாலு மடங்கு வித்தியாசம். ஒருவர் பொய் சொல்கிறார் என்று பொருளல்ல. புரதத்தின் அளவிலும் முதலீட்டு மதிப்பீட்டிலும் இரண்டு கணக்குகளும் வேறுபடுகின்றன. ஆனால் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு: அந்த வடிவமைப்பில் நொதி வெளியிலிருந்து வாங்கப்படவில்லை. ஆலை வளாகத்திலேயே பூஞ்சையை வளர்த்து, வடிகட்டாமல், பதப்படுத்தாமல், பூஞ்சையும் சாறுமாக அப்படியே மரக்கூழில் ஊற்றிவிடுகிறார்கள்.

என் வாதத்தின் மையம் இதுதான். புட்டியில் வரும் நொதியின் விலையில் பூஞ்சையின் உழைப்புக்குரிய பங்கு குறைவு. பூஞ்சைக்குப் போடும் குளுக்கோஸ், தொட்டியின் எஃகு, காற்று ஊதும் மின்சாரம், பிறகு சாறைப் பிரித்து, செறிவாக்கி, கெடாமல் இருக்கச் சேர்மானம் போட்டு, குளிர்ச்சியாக ஊர் கடத்தும் செலவு எல்லாம் அதில் அடக்கம். கடைசியாகச் சொன்ன பங்கு, மரக் குவியலுக்குப் பக்கத்திலேயே தொட்டி இருந்தால் முழுதாக விழுந்துவிடும். அந்த அமெரிக்க வடிவமைப்பிலும் நொதிச் செலவில் பாதிக்கு மேல் குளுக்கோஸ்தான். வெந்த கருவேலக்கூழின் ஒரு பங்கையே பூஞ்சைக்கு உணவாகக் கொடுத்தால் அதுவும் கணிசமாகக் குறையும். குளுக்கோஸ் தாராளமாகக் கிடைத்தால் ரீசி செல்லுலோஸ் நொதியைச் சுரக்கத் தயங்கும், செல்லுலோஸைக் கண்டால் நன்றாகச் சுரக்கும் என்பதால் இது இரட்டை ஆதாயம். நாளொன்றுக்கு 20 டன் காய்ந்த மரம் எடுக்கும் சிறிய ஆலையை எண்ணிப் பாருங்கள். அதற்கு நாளொன்றுக்கு 160 கிலோ புரதம் வேண்டும். தேர்ந்த தொழிற்சாலை ரகங்கள் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சுரக்கின்றன; நாம் அதில் பாதிதான் எட்டுவோம் என்று வைத்தாலும் தினம் 3,200 லிட்டர் சாறு. பூஞ்சை வளர ஒரு வாரம் ஆகும் என்றால் மொத்தம் 22,000 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டிகள் போதும். இரண்டு பெரிய தண்ணீர் லாரிகள் கொள்ளும் அளவுதான்.

தொட்டி சின்னதுதான், ஆனால் அதை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி நியாயமானது. ஒரு வாரம் பிற கிருமி புகாமல், காற்று நிற்காமல், சூடு ஏறாமல் பூஞ்சையை வளர்ப்பது எளிதல்ல. கமுதியிலோ முதுகுளத்தூரிலோ இரண்டு மணி நேரம் மின்சாரம் போனால் ஒரு தொட்டி முழுக்கச் சாக்கடையாகிவிடும். டீசல் ஜெனரேட்டர் வேண்டும். பயிற்சி பெற்ற நுண்ணுயிரியல் பட்டதாரிகள் இரண்டு மூன்று பேர் வேண்டும். பட்டதாரிகள் நம் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் வெளிவருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் படிப்புக்குத் தொடர்பில்லாத வேலைக்குப் போகிறார்கள். டிரைக்கோடெர்மா விரிடியைப் பயிர்ப்பாதுகாப்புக்காக வளர்க்கும் கூடங்களும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. வித்துகளை வளர்ப்பதும் நொதி சுரக்க வைப்பதும் ஒன்றல்ல; என்றாலும் கை பழகிய ஆட்கள் கிடைப்பார்கள். இதற்கும் எளிய வழி, தவிட்டையும் மரத்தூளையும் தட்டில் பரப்பி ஈரத்தில் பூஞ்சையை வளர்ப்பது. திருவனந்தபுரத்தின் நீஸ்ட் ஆய்வகம் இந்தத் திட ஊடக வளர்ப்பில் நெடுநாள் உழைத்திருக்கிறது. விளைச்சல் குறைவு, இடம் அதிகம் பிடிக்கும், ஆனால் மின்சாரம் போனாலும் சட்டென்று செத்துவிடாது. எது சரிப்படும் என்பதை இந்த வெயிலில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த மறுப்பு கனமானது. நொதிதான் தடை என்று நான் பேசிக்கொண்டிருக்க, உலகில் மூடப்பட்ட ஆலைகள் வேறு கதை சொல்கின்றன. இத்தாலியின் கிரெசெந்தினோவில் 2013இல் தொடங்கிய ஆலை 2017இல் நின்றது. அமெரிக்காவின் கன்சாஸில் 2014இல் தொடங்கிய அபெங்கோவா ஆலை, தாய் நிறுவனம் நொடித்து 2016இல் கைமாறியது. அயோவாவில் டூபாண்ட் 2015இல் திறந்து 2017இல் கைவிட்டது. நொதித் தொட்டியையும் உடன் வைத்திருந்த கிளாரியன்ட் நிறுவனத்தின் ருமேனிய ஆலை 2022இல் தொடங்கி 2023 முடிவிலேயே மூடப்பட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் இல்லை. கடன் சுமை, குறைந்த எண்ணெய் விலை, அரசுக் கொள்கையின் ஊசலாட்டம் என்று பல உண்டு. ஆனால் இத்துறை முழுவதும் திரும்பத் திரும்பச் சந்தித்த தொல்லை, வயலிலிருந்து வந்த கட்டுகளில் ஒட்டியிருந்த மண்ணும் கல்லும். திருகுகள் தேய்ந்தன, குழாய்கள் அடைத்தன. நொதி இலவசமாகக் கிடைத்திருந்தாலும் அந்த மண் இருந்திருக்கும். கருவேலத்துக்கு இது இரட்டிப்பு ஆபத்து, ஏனென்றால் தரைமட்டத்தில் வெட்டினால் அது மறுபடி துளிர்க்கும். ஒழிக்க வேண்டுமானால் தூரோடு பெயர்க்க வேண்டும், தூரோடு பெயர்த்தால் கண்மாய்க் களிமண்ணும் கூடவே வரும். ஆகவே ஆலை தூரை வாங்கவே கூடாது. தண்டும் கிளையும்தான் வாங்க வேண்டும். தூர் கரி மூட்டத்துக்குப் போகட்டும். மூட்டக்காரர்களுக்கும் தூர்க்கட்டைதான் நல்ல கரி தரும் சரக்கு.

கரி மூட்டம் என்றதும் பிழைப்பின் கேள்வி எழுகிறது. ராமநாதபுரத்துக் கரி ரயிலேறிப் போகும் வழக்கம் இன்று நேற்றையதல்ல. விறகு வெட்டியும் மூட்டம் போட்டும் பிழைக்கும் நிலமற்ற குடும்பங்கள் இங்கே ஏராளம். கருவேலத்தை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகளும் இந்த மாவட்டத்திலும் சிவகங்கையிலும் வந்தன. ஆக, இந்த மரம் கேட்பாரற்றுக் கிடக்கிறது என்ற பேச்சு தவறு. கேட்பாரற்றுக் கிடப்பது மெல்லிய முள் கிளைகள்தான். மூட்டத்தில் வைத்தால் சாம்பலாகிவிடும், வண்டியில் ஏற்றினால் காற்றைத்தான் ஏற்ற முடியும். அவற்றை வெட்டிய இடத்திலேயே சில்லாக்கிக் கொடுத்தால் புதிய கூலி வேலை உண்டாகும். மெல்லிய கிளையில் பட்டை அதிகம், செல்லுலோஸ் குறைவு என்பதையும் மறைக்கக் கூடாது. நான் சொன்ன 220 லிட்டர் அப்போது பானிபட்டின் 150க்கு அருகில் இறங்கும், லிட்டருக்கான நொதியும் ஏறும். மரத்தில் ஏறத்தாழ 29 விழுக்காடாக இருக்கும் லிக்னின் கொதிகலனுக்குப் போய் நீராவிச் செலவை ஏற்றுக்கொள்வதால்தான் கணக்கு ஓரளவு நிற்கிறது.

கடற்கரை மாவட்டத்தில் பேசிக்கொண்டு கடற்பாசியைத் தொடாமல் போக முடியாது. பாசியில் லிக்னின் இல்லை. வேகவைக்கும் சிரமம் பாதி குறையும். பாவ்நகரில் தலைமையகமும் மண்டபத்தில் ஆய்வு நிலையமும் கொண்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் கப்பாபைகஸ் பாசியிலிருந்து எத்தனால் எடுத்துக் காட்டி 2012இல் வெளியிட்டிருக்கிறது. அது நல்ல அறிவியல்; ஆனால் எரிபொருளாக அது இந்தக் கரைக்கு வேண்டாம் என்பது என் முடிவு. ஒரு டன் உலர் பாசியில் 300 கிலோ சர்க்கரை கிடைத்து, அதில் எண்பது விழுக்காடு தேறினால் சுமார் 155 லிட்டர். விற்றால் பத்தாயிரம் ரூபாய் அளவில் நிற்கும். அதே பாசி, உணவைக் கெட்டியாக்கும் காராஜீனன் எடுக்கும் ஆலைக்குக் கிலோ 20 ரூபாய் என்ற மட்டமான விலைக்குப் போனாலும் டன்னுக்கு 20,000. 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பத்தில் 60 கிலோ விதைப்பாசி கட்டி, 45 நாள் அலையிலும் மீன் கடியிலும் காத்து, எடுத்துக் காயவைத்தால் பத்துக்கு ஒன்றாகச் சுருங்கும் சரக்கை, பாதி விலைக்கு ஆலையில் கொட்டச் சொல்ல எந்த நியாயமும் இல்லை. அளவும் போதாது. சாகுபடி உச்சத்தில் இருந்த 2012 வாக்கில் கிடைத்தது சுமார் 1,500 டன்; அவ்வளவையும் எத்தனாலாக்கினால் பானிபட் ஆலையின் மூன்று நாள் உற்பத்திக்கும் எட்டாது. அடுத்த ஆண்டே கடல் சூட்டில் பாசி அழுகி அந்த அளவும் சரிந்தது. சாகுபடியைப் பெருக்கலாம் என்றால் குருசடைத் தீவின் பவளத்தின்மேல் இந்த அந்நியப் பாசி படர்ந்தது 2008இலேயே பதிவாகியிருக்கிறது. பாசியிலிருந்து சாறும் காராஜீனனும் எடுத்த பிறகு மிஞ்சும் செல்லுலோஸ் சக்கைக்கு மட்டும் ஒரு வேலை இருக்கலாம்: லிக்னின் இல்லாத அந்தச் சக்கையைப் பூஞ்சைக்குத் தீனியாகப் போட்டால் நன்றாகச் சுரக்குமா என்று சோதித்துப் பார்க்கலாம்.

தண்ணீர் விஷயத்தில் எனக்கு இன்னும் தெளிவான விடை கிடைக்கவில்லை. அமெரிக்க வடிவமைப்பில் ஒரு லிட்டர் எத்தனாலுக்கு ஐந்து லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆகிறது. காவிரியைக் குழாயில் கொண்டுவந்து குடிக்கும் மாவட்டத்தில் இதை லேசாகச் சொல்லிவிட முடியாது. வாலிநோக்கம் போன்ற உப்பளங்களில் வாழும் நுண்ணுயிரிகளின் நொதிகள் உப்பு நீரிலும் வேலை செய்யும், கடல்நீரையே பயன்படுத்தலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நொதி செய்யும், அதன்பின் வரும் ஈஸ்ட் உப்பில் தள்ளாடும், அமிலமும் உப்பும் சேர்ந்த சூடான கூழ் எஃகை அரிக்கும். இப்போதைக்குக் கடல்நீர் குளிர்விக்க மட்டும் என்று வைத்துக்கொண்டு, கூழுக்கான நீரைத் திரும்பத் திரும்பச் சுழற்ற வேண்டும். நாளொன்றுக்கு நாலாயிரம் லிட்டர் எத்தனால் என்றால் இருபதாயிரம் லிட்டர் தண்ணீர். அதைக்கூடத் தர முடியாத ஊரில் ஆலை வரக் கூடாது.

கடைசியாக, ஒழிக்க வேண்டிய மரத்துக்கு ஆலை கட்டினால் அந்த மரம் ஒழியவே ஒழியாது என்ற மறுப்பு. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் காட்டிய கண்டிப்பும், 2022இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அந்நியத் தாவரக் கொள்கையும் கருவேலத்தை அகற்றச் சொல்கின்றன. ஆலை முதலாளிக்கு மரம் வேண்டும், வேண்டுமென்றால் வளர்ப்பார். இந்த அச்சம் சரியானது, நல்லெண்ணத்தால் தீராது, ஒப்பந்தத்தால்தான் தீரும். மரத்தின் எடைக்கு மட்டும் பணம் கொடுத்தால் வெட்டிய இடத்தில் மறுபடி துளிர்ப்பது வெட்டியவருக்கு லாபம். தூர் பெயர்த்து, அடுத்த மழையில் முளைத்த கன்றுகளையும் பிடுங்கிய ஏக்கருக்கு இரண்டாவது தவணை என்று வைத்தால் கணக்கு மாறும். ஆடுகள் காயைத் தின்று புழுக்கையில் விதைத்துக்கொண்டே இருப்பதால் முழுக்கத் தீர்ந்துவிடாது என்றாலும், பத்துப் பன்னிரண்டு ஆண்டில் வரத்து நிச்சயமாகக் குறையும். அப்போது ஆலைக்கு மிளகாய்ச் செடிக் குச்சியும் பருத்தி மாரும்தான் கிடைக்கும். வெளியூர்ப் புட்டி நொதி சோளத்தட்டைக்கும் வைக்கோலுக்கும் என்று அளந்து வைத்த கலவை. பருத்தி மாருக்கு அது பொருந்தாமல் போகலாம். ரீசி அப்படியல்ல, எதைத் தின்னக் கொடுக்கிறோமோ அதற்கேற்பத் தன் சுரப்பின் கலவையை மாற்றிக்கொள்ளும் பூஞ்சை அது. சரக்கு மாறும் ஆண்டில் வளாகத்துத் தொட்டியில் தீனியை மாற்றிப் புதுக் கலவைக்குச் சில வாரம் சோதனை செய்தால் போதும். ஆகவே இந்த மாவட்டத்துக்குப் பொதுப்பணம் செலவிடுவதானால், அதை முதலில் அந்த 22,000 லிட்டர் தொட்டிகளுக்கும் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களின் சம்பளத்துக்கும் கொடுக்கச் சொல்வேன்; வடிகலன் அதற்கடுத்த ஆண்டு வரலாம்.